தேர் நிற்காத லயம்

மேற்பிரிவு, நமுனுகுல
11.02.2024

அன்புள்ள தங்கச்சி அங்கம்மாவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, வாசித்துவிட்டுச் சிரி. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்று மலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றன. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. பேனாவையும் அப்படியே இறுக்கிப் பிடிக்கிறேன் என்று டீச்சர் சொல்கிறார். இந்த நாலு வரிக்கே விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். மன்னித்துக்கொள்.

ஆமாம், உன் அண்ணன் ரெங்கசாமிதான். யாரையும் வைத்து எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

இத்தனை காலமும் எனக்கு வந்த எல்லாக் காகிதத்தையும் நீதான் வாசித்துச் சொன்னாய். போன வருடத் திருவிழாவுக்குப் பிறகு நீ இந்தப் பக்கம் வரவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் தந்த கண் கிளினிக் துண்டை வேறு யாரிடமும் நீட்ட வெட்கமாக இருந்தது. சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நாள் தவறிவிட்டது. அதற்குப் பிறகுதான் வகுப்புக்குப் போனேன். பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளை அம்மாக்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு எங்களுக்கு வகுப்பு. ஜெயந்தினி டீச்சர் நடத்துகிறார். அங்கே இருப்பதெல்லாம் பிள்ளைகளின் நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வருகிறது.

இப்போது பசறை பஸ் எது, பதுளை பஸ் எது என்று நானே வாசித்து ஏறுகிறேன். பாண் ரொட்டி விற்கும் மிப்ரானின் ஆட்டோவுக்குப் பின்னால் “அவசரப்படாதே” என்று எழுதியிருக்கிறது. இது தெரியாமல் இத்தனை வருடமும் அவனைச் சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று திட்டியிருக்கிறேன்.

பேத்தி சிவசக்தி படித்து முடித்த வரலாற்றுப் புத்தகம் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் ஒரு படம். கப்பலில் ஏறிய ஆட்கள் பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டுகிறார்கள். கீழே உள்ள எழுத்தை ஒரு நாள் முழுக்கக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். அமெரிக்காவில் பொஸ்டன் என்ற ஊர். அப்போது அது இங்கிலாந்து ராஜாவின் கையில் இருந்ததாம். அந்த ஊர்க்காரர்களைக் கேட்காமலே அவர்கள் மேல் வரி போட்டாராம். அதனால் கொட்டினார்களாம்.

எனக்குத் தேயிலையை நினைத்து மனது கஷ்டமாகிவிட்டது. யார் பறித்த கொழுந்தோ. நம் அம்மா கூடையில் போட்டதாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அந்த ஆட்கள் செய்தது சரி. ஒரு வார்த்தை கேட்காமல் வரி போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த ராஜாவுக்குக் கொஞ்சமும் புத்தியில்லை.

போன வருடம் நடந்ததைப் பற்றி எழுத எனக்கு இன்னும் எழுத்து போதாது. இதை மிப்ரானிடம் கொடுத்து விடுகிறேன். பதில் எழுது. நானே வாசிப்பேன்.

உன் அண்ணன்,
ரெங்கசாமி

—

கீழ்ப்பிரிவு
15.02.2024

மேற்பிரிவு மாரியம்மன் கோவில் கமிட்டித் தலைவர் திரு. ரெங்கசாமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மிப்ரான் பாணோடு சேர்த்து நீட்டினான். “ஒங்கட அண்ணன் எழுதினதாம், நம்புவீங்களா?” என்று கேட்டான். நம்பவில்லை. வாசித்ததும் நம்பினேன். நீங்கள் பேசுவது போலவே இருந்தது, முக்கியமான இடம் வந்ததும் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவது உட்பட.

முதலில் ஒன்று. அது நம் தேயிலை இல்லை. அந்தப் பெட்டிகளைக் கொட்டியது 1773ஆம் வருடம். அப்போது இந்த மலையில் வெறும் காடுதான். நம் ஆட்கள் இன்னும் கடல் தாண்டி வரவே இல்லை. அது சீனத்துத் தேயிலை. அம்மாவை அதில் இழுக்காதீர்கள்.

எங்கள் பேரன் தினேஸிடமும் அதே புத்தகம் இருக்கிறது. படம் பார்த்தது போதும். அந்தப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். ராஜா எதற்கு வரி போட்டார், கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னார் என்று பாருங்கள். அவருக்குப் புத்தியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மறந்துவிடாதீர்கள். பிறகு தேவைப்படும்.

நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். நீங்கள் கும்பாபிஷேகத்துக்குக் கடன் வாங்கினீர்கள். வாங்கும்போது எங்களைக் கேட்கவில்லை. கடனை அடைக்கக் கோவில் வரிக்கு மேல் கோபுர வரி போட்டீர்கள், தேர் வரி போட்டீர்கள். கமிட்டியில் கீழ்ப்பிரிவு ஆள் ஒருவர்கூட இல்லை. நான் கூட்டத்துக்கு வந்து கேட்டேன். நீங்கள் என்னைத் தங்கச்சி என்றுகூடச் சொல்லாமல், “ஏம்மா, ஒக்காரு. ஒங்களுக்கும் சேத்துத்தானே நாங்க பேசுறோம்” என்றீர்கள்.

நாங்கள் வரியை நிறுத்தினோம். திருவிழா அன்று எல்லா லயத்து வீட்டு வரிசைக்கு முன்னாலும் தேர் லொறி நின்றது. எங்கள் லயத்தில் மட்டும் நிற்கவில்லை. மாவிளக்கும் தேங்காயும் வைத்த தட்டோடு வாசல் வாசலாக நின்றோம். நீங்கள் லொறியின் முன்சீட்டில் இருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு டிரைவரிடம் போ என்று கையைக் காட்டினீர்கள். சாமியின் முகம் திரும்பியிருந்தது. பின்பக்கத்துச் சீரியல் பல்புகளைத்தான் பார்த்தோம்.

இப்போதும் நாங்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கமிட்டியில் கீழ்ப்பிரிவுக்கு இரண்டு இடம். அதில் ஒன்று பெண்ணுக்கு. அதைக் கொடுத்தால் பழைய வரியையும் சேர்த்துக் கட்டுகிறோம்.

இப்படிக்கு,
அங்கம்மா

—

மேற்பிரிவு
25.02.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ எழுதியதை வாசிக்க இரண்டு நாள் ஆனது. திரு. ரெங்கசாமி அவர்களுக்கு என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்து முதலில் பெருமைப்பட்டேன். என்னை யாரும் திரு போட்டு எழுதியதில்லை. பிறகுதான் அது மரியாதை இல்லை என்று உறைத்தது.

சீனத்துத் தேயிலை என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.

நீ சொன்னபடி முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறேன். வாரத்துக்கு ஒரு பக்கம்தான் முடிகிறது. ராஜா வேறு நாட்டோடு பெரிய சண்டை போட்டுக் கடனாளி ஆனாராம். உங்களைக் காப்பாற்றத்தானே சண்டை போட்டேன், நீங்களும் கட்டுங்கள் என்று சீனிக்கு வரி போட்டாராம். காகிதத்துக்கு முத்திரை வரி போட்டாராம். விளையாடுகிற சீட்டுக்கட்டுக்குக்கூட வரி. அந்தப் பக்கத்தை வாசித்தபோது நீ எதை நினைத்துச் சொன்னாய் என்று புரிந்தது. நான் ராஜா இல்லை, அங்கம்மா. கோபுரம் எல்லோருக்கும் சொந்தமான கோபுரம்தானே.

ஆனாலும் உனக்கு ஒரு நல்ல செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் பேசினேன். செயலாளர் ரமேஸ் எகிறினான். “தலைவரே, இன்னிக்கு வரிய எடுப்பாங்க, நாளைக்குச் சாமிய எடுப்பாங்க” என்றான். விடவில்லை. கீழ்ப்பிரிவுக்குக் கோபுர வரி இல்லை என்று முடிவு எடுத்தோம். பழைய பாக்கியும் வேண்டாம். தேர் வரி மட்டும் பேருக்கு இருக்கும். வீட்டுக்கு ஒரு தேங்காயும் கொஞ்சம் எண்ணெயும் கொடுத்தால் போதும். அதையும் எடுத்துவிட்டால் கமிட்டி பயந்துவிட்டது என்று ஆட்கள் பேசுவார்கள். அதற்காகத்தான் வைத்திருக்கிறோம்.

இரண்டு இடம் இப்போது வேண்டாம். அடுத்த வருடம் பார்க்கலாம். உங்கள் பக்கத்துக்காக நானே பேசுகிறேனே. என்னைவிட யார் பேசப் போகிறார்கள்?

இந்த முறை தேர் உன் வாசலில் கட்டாயம் நிற்கும். சந்தோசம்தானே? எனக்கு மிகவும் சந்தோசம். இந்தக் கடிதத்தில் கோட்டை விட்டு விழுந்த எழுத்து குறைவு, பார்த்தாயா?

அண்ணன்

—

கீழ்ப்பிரிவு
01.03.2024

அண்ணனுக்கு,

பக்கத்தைத் திருப்புங்கள்.

அதற்கு மேல் எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் வாரத்துக்கு ஒரு பக்கம் வாசிக்கிறவர், அதற்குள் திருவிழாவே வந்துவிடும். அதனால் அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நானே சொல்கிறேன். முத்திரை வரியை ஆட்கள் எதிர்த்ததும் ராஜாவின் பாராளுமன்றம் அதை எடுத்துவிட்டது. எடுத்த கையோடு, உங்கள் மேல் எப்போது வேண்டுமானாலும் எதையும் விதிக்க எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு சட்டமும் போட்டது. பிறகு கண்ணாடிக்கும் பெயின்டுக்கும் தேயிலைக்கும் வரி வந்தது. அதையும் எதிர்த்தார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தேயிலைக்கு மட்டும் பேருக்கு ஒரு வரியை வைத்தார்கள். ஏன் தெரியுமா? எடுத்துவிட்டால் பயந்துவிட்டோம் என்று பேசுவார்களாம்.

உங்கள் கடிதத்தைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வாசித்துக் காட்டினேன். தராசுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாம் கேட்டார்கள். தேங்காயும் எண்ணெயும் என்ற இடம் வந்ததும் ஒருத்தி, “ஐயோ பாவம், ராசாவுக்குச் சமைக்க எண்ணெ இல்லியாம்” என்றாள். சிரித்ததில் ஒரு கூடைக் கொழுந்து கொட்டிப்போனது. நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து சிரித்ததற்காக வருத்தப்பட்டேன். நீங்கள் உண்மையிலேயே நல்லது செய்ததாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் எங்களுக்காகப் பேச வேண்டாம், அண்ணே. பொஸ்டன்காரர்களிடமும் அதைத்தான் சொன்னார்கள், பாராளுமன்றம் உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது என்று. தேங்காய் எங்களுக்குப் பெரிதில்லை. கேட்காமல் வாங்குகிற தேங்காய் பெரிது.

வருகிற பத்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சில பெண்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். நேரில் கேட்கிறோம். இரண்டு இடம். நானே முன்னால் வருகிறேன். அன்றைக்காவது என்னை உட்காரச் சொல்லுங்கள், பேச விடாமல் இருப்பதற்காக இல்லை.

அங்கம்மா

—

மேற்பிரிவு
17.03.2024

அங்கம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுத்து தெரியாமல் இல்லை. எழுத்தெல்லாம் இப்போது தெரிகிறது.

நீங்கள் வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சிவசக்தியை விட்டுச் சொல்லி அனுப்பினேன். சாப்பிடவில்லை. உள்ளே ரமேஸும் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் என்னோடு இருந்தார்கள். வெளியே வந்து உன்னைப் பார்த்தால் சரி என்று சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அவர்கள் முன்னால் சரி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வெற்றுச் சாப்பாட்டுக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தூறல் விழுந்த சத்தம் தகரத்தில் கேட்டது. இஸ்தோப்புத் திண்ணையில்கூட உங்களை ஏறி நிற்கச் சொல்லவில்லை. ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். நீ முக்காட்டை எடுத்துப் பக்கத்தில் இருந்த பெண்ணின் தலையிலும் போட்டாய். பிறகு எல்லோரும் இறங்கிப் போனீர்கள்.

கமிட்டி ஆட்களும் போன பிறகு சிவசக்தி உன்னைப் பற்றித்தான் கேட்டாள், “தாத்தா, அப்பாயிய ஏன் நிக்க வெச்சீங்க?” அவள் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தை எடுத்தேன். நீ சொன்ன பக்கத்துக்கு அடுத்த பக்கம். தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக அந்த ஊர்த் துறைமுகத்தையே மூடினாராம். ஒரு கப்பலும் போகக் கூடாதாம். அதை வாசித்ததும் உன் கையில் இருந்த தட்டு ஞாபகம் வந்தது. அந்த லொறியில் நான் கையைக் காட்டியபோது பெரிய ஆண்மையான காரியம் செய்வதாக நினைத்தேன், அங்கம்மா. தேர் உன் வாசலைத் தாண்டிய பிறகு லொறிக் கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். நீ தட்டைக் கீழே வைக்காமல் நின்றாய்.

அதற்குக் கீழே இன்னும் நாலு வரி. சண்டை ஆரம்பமான பிறகும் அந்த மக்கள் கடைசியாக ஒருமுறை ராஜாவுக்கு விண்ணப்பம் அனுப்பினார்களாம். உங்களைவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை, எங்கள் குறையைக் கேளுங்கள் என்று. ராஜா அதைக் கையால்கூட வாங்கவில்லை.

அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தேன். நான் அன்று காலையில் செய்ததை அன்று பின்னேரம் வாசிக்கிறேன். ஒரு நாள் முன்னதாக வாசித்திருந்தால் வெளியே வந்திருப்பேனோ என்னவோ. முதல் கடிதத்தில் ராஜாவுக்குப் புத்தியில்லை என்று எழுதினேன். அந்த வரி தேவைப்படும் என்று நீ சொன்னாய்.

வகுப்புக்கு இந்த வாரம் போகவில்லை. வாசிக்கத் தெரியாமலே இருந்திருந்தால் இந்த வெட்கம் வந்திருக்காது என்று ஒருமுறை நினைத்தேன். பிறகு அது பொய் என்று தெரிந்தது. வெட்கம் போன வருடமே வந்துவிட்டது. அதற்குப் பெயர்தான் தெரியாமல் இருந்தது.

இரண்டு இடமும் தருகிறேன். ரமேஸிடம் சொல்லிவிட்டேன். சித்திரைக் கூட்டத்துக்கு நீயே வா. உன்னை என் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.

ரெங்கசாமி

—

கீழ்ப்பிரிவு
24.03.2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மடுவத்தில் வாசிக்கவில்லை. நான் மட்டும் வாசித்தேன்.

இனி இரண்டு இடம் வேண்டாம்.

கோபத்தில் சொல்லவில்லை. கோபம் அன்று உங்கள் வீட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியிலேயே போய்விட்டது. எல்லோரும் நனைந்து குளிரில் நடந்தோம். வளைவுக்கு வந்ததும் ஒருத்தி சொன்னாள், “ஏங்க்கா, நம்மகிட்ட இல்லாதது என்னா? சாமி அவங்க வீட்டுச் சாமியா?” இன்னொருத்தி, “சூலத்த எங்கன நட்டாலும் சூலந்தான்” என்றாள். வீட்டுக்கு வந்து சேரும்போது முடிவாகியிருந்தது. அன்று பின்னேரமே ஆண்களையும் கூப்பிட்டுச் சொன்னோம். எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

கீழ்ப்பிரிவில் சவுக்கு மரத்தடியில் சூலம் நட்டாயிற்று. இந்த வருடம் எங்கள் திருவிழாவை நாங்களே செய்கிறோம். எங்கள் கமிட்டி, எங்கள் வரி. உங்கள் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாக, மே மாதம் மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை கரகம்.

உங்கள் புத்தகத்தில் அடுத்த பக்கம் இதுதான். ராஜா செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, இனி நாங்கள் உங்களோடு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் நாளே அப்படி யாரும் நினைக்கவில்லை, அண்ணே. வரியைக் குறை என்றுதான் ஆரம்பித்தார்கள். பிறகு, வரி போடும்போது எங்களையும் கேள் என்றார்கள். கேட்டுக் கேட்டு வாசலில் நின்றவர்கள்தான் வேறு வீடு கட்டினார்கள்.

மாசி மாதம் நீங்கள் அந்த இரண்டு இடத்தைக் கொடுத்திருந்தால் நான் ஓடி வந்திருப்பேன். பழைய வரியையும் என் கையாலேயே வசூலித்துக் கொண்டுவந்திருப்பேன். அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருத்தப்படுத்தச் சொல்லவில்லை.

வகுப்புக்குப் போங்கள். அதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அங்கம்மா

—

மேற்பிரிவு
07.04.2024

அங்கம்மாவுக்கு,

வகுப்புக்குப் போகிறேன். இந்த வாரம் இரண்டு பக்கம் வாசித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சூலம் நட்ட செய்தி இங்கே வந்ததும் கமிட்டி கொதிக்கிறது. எனக்கும் முதலில் வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். அப்பா காலத்திலிருந்து ஒரு தோட்டத்துக்கு ஒரு சாமி. என் தலைமையிலா இரண்டாக வேண்டும் என்று இருந்தது.

கரகக் குடத்தை நிரப்பிப் பாலிக்கத் தண்ணீருக்கு எங்கே போவீர்கள்? கீழ்ப்பிரிவில் குழாய்த் தண்ணீர்தான். குழாயில் கரகம் எடுக்க முடியாது. மலை ஊற்று விழும் நம் மேற்பிரிவுப் பீலிக்குத்தான் வர வேண்டும். அது ரமேஸுக்கும் தெரியும். “பீலிக்கு வரட்டும், பார்த்துக்கலாம். பாதையில ஆள நிறுத்துவோம்” என்கிறான். நாலைந்து இளவட்டங்கள் அவன் பின்னால் நிற்கிறார்கள்.

நான் வாசித்த இரண்டு பக்கமும் சண்டைதான். ராஜா கடல் கடந்து சிப்பாய்களை அனுப்பினார். வருடக்கணக்காக நடந்தது. இரண்டு பக்கமும் செத்தார்கள். முன்பு ஒரே மொழி பேசி ஒரே சாமியைக் கும்பிட்டவர்கள்தானே. கடைசியில் ராஜா தோற்றார். போகிறவர்களைப் போக விட அவருக்கு அத்தனை பிணம் வேண்டியிருந்தது.

அடுத்த பக்கத்தை வாசிக்கும் முன் ஒன்றும் செய்யக் கூடாது என்று இந்த முறை நினைத்திருக்கிறேன். அதற்குள் நீ சொல். தண்ணீருக்கு வருவீர்களா?

அண்ணன்

—

கீழ்ப்பிரிவு
18.04.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வருவோம். பீலி தோட்டத்துத் தொரைக்கும் சொந்தமில்லை, ரமேஸுக்கும் சொந்தமில்லை. பாதையில் ஆள் நின்றால் கரகத்தோடு அப்படியே நிற்போம். அடித்தால் பட்டுக்கொள்வோம். திரும்ப மாட்டோம்.

இது கமிட்டி சொல்லச் சொன்னது. மற்றதை உங்கள் தங்கச்சி எழுதுகிறேன். இதை யாரிடமும் வாசித்துக் காட்டாதீர்கள். இப்போது உங்களுக்கு அந்தத் தேவையும் இல்லை.

எங்கள் புதுக் கமிட்டி போன வாரம் முதல் முதலாக வரி வசூலித்தது. எல்லாக் காம்பரா வீட்டுக்கும் ஒரே அளவு. கடைசி லயத்துக்கும் போனோம். தெரியும்தானே, தப்படிக்க மட்டும் நாம் கூப்பிடுகிற ஆட்கள். அங்கே ஜெயலெட்சுமி என்று ஒரு பிள்ளை, என் மகள் வயது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் கேட்டாள், “பெரியம்மா, புதுக் கமிட்டியில எங்க லயத்து ஆளு யாரு?”

யாரும் இல்லை. அதுவரைக்கும் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அடுத்த வருசம் பாக்கலாம்மா. ஒங்களுக்கும் சேத்துத்தானே நாங்க பேசுறோம்” என்றேன். சொல்லி முடித்ததும்தான் அது என் காதிலேயே விழுந்தது. அப்படியே உங்கள் குரல். அவள் பணத்தை நீட்டினாள். என்னால் வாங்க முடியவில்லை. வாங்காமல் வரவும் முடியவில்லை. வாசலிலேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து தினேஸின் புத்தகத்தைத் திறந்தேன். உங்களைப் பக்கம் திருப்பச் சொன்ன நான் ஒரு பக்கத்தை வேகமாகத் தாண்டியிருக்கிறேன். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிக் கொடுத்தவர்களின் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்களாம். சண்டை முடிந்து விடுதலை கிடைத்த பிறகும் இருந்தார்களாம்.

மறுநாள் கமிட்டியைக் கூப்பிட்டேன். பெரிய சண்டை. இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். “இதுக்கு மேல்டிவிசனே தேவலாம்” என்றாள் ஒருத்தி. கடைசியில் ஜெயலெட்சுமியின் வாசலுக்கு நானே போய் அவளைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தேன். முதல் கூட்டத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி, “தப்படிக்கிறவங்க தேருக்கு முன்னால நிப்பாங்க. சாமி கும்புடுறப்ப எங்க நிப்பாங்க?” அதற்குப் பதிலை மே மூன்றுக்குள் சொல்லியாக வேண்டும்.

உங்களைத் திட்டுவதற்கு எனக்கு முன்பு போல வாய் வரவில்லை, அண்ணே. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

தங்கச்சி,
அங்கம்மா

—

மேற்பிரிவு
28.04.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தில் என் பெயருக்கு முன்னால் அன்புள்ள என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையைக் கூட்ட வேண்டியே இருக்கவில்லை. பார்த்ததும் தெரிந்தது.

புத்தகத்தில் அந்தப் பாடத்தை முடித்துவிட்டேன். கடைசியில் என்ன நடந்தது என்று அதில் முழுதாக இல்லை. ஜெயந்தினி டீச்சரிடம் கேட்டேன். சண்டை எல்லாம் முடிந்த பிறகு அந்தப் புது நாட்டிலிருந்து ஒரு தூதர் லண்டனுக்கு வந்தாராம். அதே ராஜாதான் அப்போதும் ராஜா. இருவரும் நேருக்கு நேர் நின்றார்களாம். பிரிவதற்குக் கடைசியாகச் சம்மதித்தவன் நான், இனி நட்புக்கு முதலில் கை நீட்டுகிறவனும் நானாக இருப்பேன் என்ற மாதிரி ராஜா சொன்னாராம். குரல் கொஞ்சம் நடுங்கியதாம். டீச்சர் எங்கே படித்தாரோ, எனக்கு அது பிடித்துவிட்டது. அந்த மனிதர் மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது. எத்தனை வருடம் பிந்திச் சொன்னார் பார்.

நான் அவ்வளவு பிந்தக் கூடாது. நேற்றுக் கமிட்டியைக் கூட்டினேன். ரமேஸ், “தலைவரே, பீலிப் பாதையில ரெண்டு பேர நிறுத்தியாச்சு” என்றான்.

“நல்லது. நிக்கட்டும். கரகம் வர்றப்ப வழுக்குற எடத்துல கை குடுத்து ஏத்திவிடச் சொல்லு” என்றேன்.

“தங்கச்சிக்காகப் பேசுறீங்க.”

“ஆமா. போன வருசம் தங்கச்சின்னு பார்க்காமப் பேசுனேன். அதுல என்னா நல்லது நடந்துச்சுன்னு சொல்லு.”

கமிட்டியில் வயதான ஒருவர், “தண்ணி தானா எறங்கி அவங்க பக்கந்தான் போகுது. நாம யாரு மறிக்க?” என்றார். அதோடு முடிந்தது. எல்லோருக்கும் சம்மதம் என்று எழுத மாட்டேன். ஆனால் யாரும் மறிக்க மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு. அதற்காகத்தான் தலைவர் வேலையை இப்போது விடவில்லை. மேற்பிரிவுத் திருவிழாவும் முடிந்த பிறகு விடுவேன்.

அப்புறம் ஒன்று. இங்கேயும் ஒரு கடைசி லயம் இருக்கிறது. உன் கடிதத்தை வாசித்த பிறகு அந்தப் பக்கம் நடந்து போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன். திரும்பவும் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை நீங்கள் பீலிக்கு வரும் பாதை என் வாசல் வழியாகத்தான். உங்கள் கமிட்டிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அன்று நான் இஸ்தோப்பை விட்டு இறங்கி வாசலில் நிற்பேன். கையில் தட்டு இருக்கும். மாவிளக்குப் பிடிக்கச் சிவசக்தியிடம் கற்றுக்கொண்டேன். “தாத்தா, பொம்பளைங்க நிக்கிற எடத்துல நீங்க தட்டோட நிக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மாவு முதல் முறை கையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் முறை நின்றது, கொஞ்சம் கோணலாக. என் எழுத்து மாதிரி.

கரகம் என் வாசலில் நிற்பதும் நிற்காமல் போவதும் நீங்கள் எடுக்கிற முடிவு. கூட்டத்தில் பேசி, ஜெயலெட்சுமியையும் கேட்டு முடிவு செய்யுங்கள். எனக்காக நீ பேச வேண்டாம். நிற்காமல் போனால் எனக்குக் கோபம் வராது. உன் கையில் அந்தத் தட்டு எவ்வளவு கனத்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். கற்பூரம் அணைந்தாலும் கரகம் வளைவைத் தாண்டும் வரை தட்டைக் கீழே வைக்க மாட்டேன். நீ வைக்கவில்லை.

அது என் வாசலில் நின்றாலும் நிற்காவிட்டாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உனக்கு எழுதுவேன்.

அண்ணன்,
ரெங்கசாமி